தீயின் தடம் – 14: வாசற்படியில் கிடைத்த ஒரே மாதிரி

1991 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற சிற்றூரில், மரத்தால் கட்டிய சின்ன வீடு ஒன்று காலை நேரத்தில் பற்றி எரிந்தது. வீட்டுக்காரி பரிசுப் பொருள் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். உள்ளே இருந்தவர்கள் நான்கு பேர். 23 வயது கேமரன் டாட் வில்லிங்ஹாம், அவருடைய இரண்டு வயது மூத்த மகள், ஒரு வயதான இரட்டைப் பெண் குழந்தைகள். வில்லிங்ஹாம் மட்டும் உயிரோடு வெளியே வந்தார்.

வேலையில்லாத மெக்கானிக், முரடர், மனைவியை அடிப்பவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. எரிகிற வீட்டுக்கு முன்னால் நின்று கத்தினாரே தவிர உள்ளே பாயவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார். குழந்தைகள் உள்ளே இருக்க, காரை நகர்த்தி நிறுத்தினாராம். ஊர் வாய்க்கு இது போதும். ஆனால் நீதிமன்றத்துக்கு ஊர் வாய் போதாது. தீ தானாகப் பிடித்ததா, வைக்கப்பட்டதா என்று நிரூபிக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து மாநிலத் தீயணைப்புத் துறையின் துணை மார்ஷல் ஒருவரும் உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரி ஒருவரும் கருகிய வீட்டுக்குள் நடந்தார்கள். குழந்தைகள் அறையின் தரையைச் சுரண்டிக் கூட்டிப் பார்த்தால், திரவம் தேங்கிய குட்டை வடிவில் கருகல்கள். அங்கிருந்து நடைவழிக்கும், நடையிலிருந்து முன்வாசலுக்கும் அதே தடம். ஜன்னல் கண்ணாடியில் வலை பின்னிய விரிசல்கள். முன்வாசலில் அலுமினியப் படி உருகிக் கிடந்தது. திண்ணை சிமெண்டில் பழுப்புக் கறை. ஒன்றிரண்டு அல்ல, இருபதுக்கும் மேற்பட்ட அடையாளங்களை அவர்கள் குறித்தார்கள். மூன்று இடங்களில் தனித்தனியாகத் தீ வைக்கப்பட்டிருக்கிறது, எரிதிரவம் ஊற்றப்பட்டிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள்.

அடையாளங்களோடு நிற்காமல், கருகிய மரத்துண்டுகளையும் குப்பைகளையும் பல இடங்களிலிருந்து எடுத்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். இந்த அத்தியாயத்தின் கதை அந்த மாதிரிகளில்தான் இருக்கிறது.

ஆய்வக முடிவு வந்தது. குட்டை குட்டையாக ஊற்றியதாகச் சொல்லப்பட்ட குழந்தைகள் அறையிலிருந்து எடுத்ததில் எரிதிரவம் இல்லை. நடைவழியிலும் இல்லை. முன்வாசற்படி ஓரத்தில் எடுத்த ஒரே ஒரு மாதிரியில் மட்டும் ‘மினரல் ஸ்பிரிட்ஸ்’ இருந்தது. பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டு வாங்குகிறோமே, ஏறக்குறைய அந்த இனம். அமெரிக்காவில் கரி அடுப்பைப் பற்றவைக்க விற்கும் திரவத்திலும் இதுதான் பெரும்பாலும் இருக்கும்.

இருபது அடையாளம் ஒரு பக்கம், ஒரு மாதிரி இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையே சொல்வதாக நீதிமன்றத்தில் காட்டினார்கள். உண்மையில் அவை ஒன்றையொன்று மறுத்தன. அதைக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை.

கருகிய மரத்துண்டு எப்படிச் சாட்சி சொல்லும்? அத்தனை நெருப்பில் பெட்ரோல் மிஞ்சுமா என்று கேட்கலாம். மிஞ்சும். எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பலகை இடுக்கிலும் கார்பெட்டின் அடியிலும் இறங்கிய திரவத்துக்குக் காற்று கிடைப்பதில்லை. மேலே எரியும்போதும் அடியில் ஓரளவு குளுமையாகவே கிடக்கும். தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சும் தண்ணீரோடு பெட்ரோல் கலக்காது என்பதால் அதைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடுவதும் இல்லை. ஆக, கொஞ்சம் எங்கேயாவது ஒட்டியிருக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பிடிப்பதுதான் வித்தை.

ஆதியில் பிடித்தது மூக்கு. புலனாய்வாளர் முட்டி போட்டுத் தரையை முகர்வார். பிறகு குப்பையை நீராவியில் வடித்து, மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை எடுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது மண்ணெண்ணெயா, டர்பன்டைனா, உருகிய பிளாஸ்டிக்கின் கசிவா என்று திட்டமாகப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்த வழி திறந்தது தீயோடு சம்பந்தமே இல்லாத இடத்தில். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிங் ஆகிய இருவருக்கும் கம்பளியில் உள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. 1941-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில், திரவத்துக்குப் பதிலாக வாயுவை ஓடவிட்டும் பொருள்களைப் பிரிக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு யோசனையும் இருந்தது. பத்து வருஷத்துக்கு யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் மார்ட்டினே அந்தோணி ஜேம்ஸ் என்பவரோடு சேர்ந்து 1952-இல் செய்து காட்டினார். அதே ஆண்டில் மார்ட்டினுக்கும் சிங்குக்கும் நோபல் பரிசு. ஆனால் அது முந்தைய வேலைக்கு. வாயு நிறப்பகுப்பியல் என்று பாடப்புத்தகங்களிலும், ‘ஜி.சி.’ என்று ஆய்வகங்களிலும் சொல்லப்படும் முறை இப்படிப் பிறந்தது. 1960-களில் தடயவியல் கூடங்கள் அதைப் பெட்ரோலியப் பொருள்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கின.

முறை இதுதான். கருகிய குப்பை, புத்தம் புதிய பெயின்ட் டின்னில் காற்றுப் புகாமல் மூடப்பட்டு வரும். சாதாரண பாலிதீன் பை உதவாது, ஆவி அதன் வழியே கசிந்துவிடும். மண் மாதிரியாக இருந்தால் குளிர்பெட்டியில் வைத்தாக வேண்டும், இல்லையென்றால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் பெட்ரோலைத் தின்று தீர்த்துவிடும். டின்னுக்குள் கிளர்வூட்டிய கரிப்பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, மூடி, அறுபது எழுபது டிகிரி சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். குப்பையிலிருந்து எழும் ஆவியைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அந்தப் பட்டையை ஒரு சின்னக் குப்பியில் கரைப்பான் விட்டு நனைத்தால், உறிஞ்சியது கரைப்பானில் இறங்கும். அதில் ஒரு துளியைக் கருவிக்குள் செலுத்துவார்கள்.

கருவிக்குள் முப்பது மீட்டர் நீளம் வரக்கூடிய, நூல் பருமனுள்ள குழாய் சுருண்டு கிடக்கிறது. உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு. ஹீலியம் வாயு துளியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. திருவிழாக் கடைத்தெருவில் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம்; எந்தக் கடையிலும் நிற்காதவர் முதலில் தெருக்கோடிக்குப் போய்ச் சேருவார், ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் கடைசியில் வருவார். பெட்ரோலில் உள்ள நூற்றுக்கணக்கான சேர்மங்களும் பூச்சோடு ஒட்டும் அளவுக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாக மறுமுனைக்கு வருகின்றன. வரவர ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு காகிதத்தில் விழுகிறது.

வேதியியலாளர் பார்ப்பது தனித்தனி முகட்டை அல்ல, வரிசையை. பெட்ரோல் எரிந்து இலேசான பகுதி எல்லாம் போனாலும், நடுவில் டிரைமெத்தில்பென்சீன் இனத்து ஐந்து முகடுகள் ஒன்றுக்கொன்று மாறாத உயர விகிதத்தில் நிற்கும். எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த பெட்ரோலானாலும் அந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இதுதான் பெட்ரோலின் கையொப்பம். மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் வேறு கையொப்பம். சீரான இடைவெளியில் ஏறி இறங்கும் முகட்டுத் தொடர்.

சிக்கல் எங்கே என்றால், எரியும் வீடே ஒரு சுத்திகரிப்பு ஆலைதான். கார்பெட்டின் அடிப்பரப்பில் உள்ள ரப்பர் சூட்டில் சிதைந்து பென்சீனையும் டொலுயீனையும் ஸ்டைரீனையும் வெளிவிடும். பென்சீன், டொலுயீன் இரண்டும் பெட்ரோலிலும் உண்டு. டொலுயீனைக் கண்டதும் பெட்ரோல் என்று எழுதிக்கொடுத்தால் போச்சு, ஓர் ஆளின் தலை உருளும். அதனால்தான் கவனமுள்ள புலனாய்வாளர், அதே கார்பெட்டின் எரியாத மூலையிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, ஒப்பிடுவதற்கென்று தனி டின்னில் அனுப்புவார். 1988-இல் பன்னாட்டுத் தீவைப்புப் புலனாய்வாளர் சங்கத்தின் தடயவியல் குழு ஆய்வகங்களுக்கு வழிகாட்டி வகுத்தது. இரண்டு ஆண்டில் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். அதை முறைப்படி வெளியிட்டது. கோர்சிகானா வீடு எரிந்தபோது, ஆய்வக மேசையில் ஒழுங்கு வந்துவிட்டது.

தீப்பிடித்த இடத்தில்தான் வரவில்லை.

தரைக் கருகலையும் கண்ணாடி விரிசலையும் வைத்து ஆரூடம் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது? மூத்தவர் சொல்ல இளையவர் கேட்டு, காதுவழியாக வந்தது. 1977-இல் அமெரிக்க அரசுக்காகத் தயாரான ஓர் அறிக்கை, புலனாய்வாளர்கள் நம்பும் இந்த அடையாளங்களைப் பட்டியல் போட்டது. இவற்றை நிரூபிக்கும் அறிவியல் சோதனை எதுவும் வெளியாகவில்லை என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. 1980-இல் அரசின் தரநிர்ணயக் கழகமே ஒரு கையேடு போட்டது. அதில் அடையாளங்கள் இருந்தன. எச்சரிக்கையின் வலு இல்லை. அச்சில் ஏறிவிட்ட நம்பிக்கைக்கு அறிவியல் என்ற மரியாதை கிடைத்துவிடுகிறது.

விரிசல் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். எரிதிரவத்தால் சூடு சட்டென்று ஏறினால்தான் கண்ணாடி அப்படி வலைபோட்டு வெடிக்கும் என்பது வேதவாக்கு. கோர்சிகானா தீக்கு இரண்டு மாதம் முன்பு, 1991 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் குன்றுகளில் காட்டுத்தீ புகுந்து 25 பேரைக் கொன்றது. ஏறத்தாழ 3000 வீடுகள் போயின. அந்த வீடுகளில் யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை என்பது உலகறிந்தது. ஜான் லென்டினி என்ற வேதியியலாளரும் சகாக்களும் அங்கே 50 வீடுகளை ஆராய்ந்தார்கள். 12 வீடுகளில் அதே வலைவிரிசல். பெரும்பாலும் தீயின் ஓரப்பகுதிகளில், தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் அடித்த இடங்களில். லென்டினி ஆய்வகத்தில் கண்ணாடியைச் சூடேற்றிப் பார்த்தார். எவ்வளவு வேகமாக ஏற்றினாலும் வலை விழவில்லை. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் விழுந்தது. தீ வைத்தவனின் கைரேகை என்று இத்தனை காலம் காட்டியது, தீயை அணைத்தவர்களின் குழாய்த் தண்ணீரை!

லென்டினி அந்த வருஷம் வாங்கிய பெரிய அடி இன்னொன்று. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், லைம் தெருவில், 1990 அக்டோபரில் ஒரு வீடு எரிந்து இரண்டு பெண்களும் நான்கு குழந்தைகளும் இறந்தார்கள். தப்பியவர் குடும்பத் தலைவர். அவர்மேல் கொலைக் குற்றச்சாட்டு. சோபாவில் பற்றிய தீதான் பரவியது என்றார் அவர். தரையில் திரவக் குட்டைத் தடங்கள் இருந்ததால் அவர் பேச்சு எடுபடவில்லை. அரசுத் தரப்பு லென்டினியையும் ஜான் டிஹான் என்ற நிபுணரையும் அமர்த்தியது. அதிர்ஷ்டவசமாக, அதே தெருவில் அதே மாதிரிக் கட்டிய வீடு ஒன்று இடிப்பதற்காகக் காலியாகக் கிடந்தது. அதே வகைக் கார்பெட், அதே வகைச் சோபா எல்லாம் போட்டு, சொட்டுக்கூடப் பெட்ரோல் இல்லாமல், சோபாவில் தீ வைத்தார்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. இதற்கு ‘ஃப்ளாஷ்ஓவர்’ என்று பெயர். கூரையடியில் திரளும் புகை சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அந்த அனல் கீழே உள்ள எல்லாவற்றின்மேலும் இறங்கி, தரை உட்பட அனைத்தும் ஏககாலத்தில் எரியத் தொடங்கும். அணைத்துவிட்டுப் பார்த்தால், தரையில் அதே குட்டைத் தடங்கள். நடைவழியிலும் அதே. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை கிடைக்கச் சாட்சி சொல்லத் தயாராக வந்தவர் லென்டினி. வழக்கைக் கைவிடும்படி ஆயிற்று. அந்த மனிதர் வீடு திரும்பினார்.

லைம் தெருப் பரிசோதனை நடந்த அதே ஆண்டில்தான் வில்லிங்ஹாம் வீடும் எரிந்தது. 1992-இல் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், ‘921’ என்று எண்ணால் அறியப்படும் அறிவியல் வழிகாட்டியின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. அதே 1992 ஆகஸ்டில் வில்லிங்ஹாம் கூண்டில் நின்றார். காலம் சரியாகத்தான் இருந்தது. செய்தி மட்டும் கோர்சிகானாவுக்குப் போய்ச் சேரவில்லை.

துணை மார்ஷல் சாட்சியில் கம்பீரமாக இருந்தார். தீ பொய் சொல்லாது, தான் அதன் மொழிபெயர்ப்பாளன் மட்டுமே என்றார். சிறையில் வில்லிங்ஹாம் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக ஒரு கைதியும் சொன்னார். பிற்பாடு அந்தப் பேச்சை அவரே மாற்றினார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு விடுகிறோம் என்று அரசுத் தரப்பு முன்வந்தது. செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார் வில்லிங்ஹாம். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வந்துவிட்டார்கள். மரண தண்டனை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2004 ஜனவரியில், வழக்குக் கட்டு ஆஸ்டின் நகரில் ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்பவரின் கைக்குப் போனது. கேம்பிரிட்ஜில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், வெடிமருந்து கண்டுபிடித்தவர், பிறந்தநாள் விழாக்களில் மினுங்கும் மைலார் பலூனுக்கும் சொந்தக்காரர். தீவைப்பு வழக்குகளில் அப்பாவிகள் சிக்குவதைப் பார்த்துப் பார்த்து, பல வழக்குகளைக் காசு வாங்காமலே படித்துக்கொடுத்தவர்.

படிக்கப் படிக்க அடையாளங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அலுமினியப் படி உருகியதா? விறகுத் தீயும் பெட்ரோல் தீயும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் எரியும். அலுமினியம் உருக 660 டிகிரி போதும், கதவு மரமே அந்தச் சூட்டைக் கொடுத்துவிடும். கண்ணாடி விரிசலுக்கு ஓக்லண்ட் பதில் சொல்லிவிட்டது. குட்டைத் தடங்களுக்கு லைம் தெரு. திண்ணையின் பழுப்புக் கறைக்கு மட்டும் ஹர்ஸ்ட் தன் வீட்டு கார் ஷெட்டில் இறங்கினார். சிமெண்டுத் தரையில் அடுப்புத் திரவத்தை ஊற்றிக் கொளுத்தினார். எரிந்து அடங்கியதும் குனிந்து பார்த்தால், பழுப்பு இல்லை. கொஞ்சம் கரித்திட்டு, அவ்வளவுதான். வேறு திரவங்களை ஊற்றியும் அதே கதை. அந்தப் பழுப்பு, அணைத்த தண்ணீரில் துருவும் குப்பையும் கலந்து ஊறி விட்டுப்போனதாக இருக்க வேண்டும்.

மிஞ்சியது வாசற்படி மாதிரி. ஆய்வகம் தப்பாகச் சொல்லவில்லை, மினரல் ஸ்பிரிட்ஸ் அங்கே இருந்தது உண்மை. எப்படி வந்தது? தீக்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்றில் முன்திண்ணையில் கரி அடுப்பு நிற்கிறது. அதைப் பற்றவைக்கும் திரவக் குப்பியும் அங்கே இருந்ததற்குச் சாட்சியம் இருந்தது. தீயில் குப்பி உருகியிருக்கும், குழாய்த் தண்ணீர் அதைப் படியோரம் பரப்பியிருக்கும். ஊற்றியதாகச் சொன்ன அறைகளில் திரவம் இல்லை, திரவம் இருந்த இடத்தில் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்த ஆய்வகக் காகிதம் 1992-லேயே இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தீவைப்பு என்று சொல்ல ஆதாரம் ஒன்றுகூட இல்லை என்று ஹர்ஸ்ட் எழுதினார்.

அறிக்கை, தண்டனை நாளுக்குச் சில நாள் முன்பு, மன்னிப்பு வாரியத்துக்கும் ஆளுநர் ரிக் பெர்ரியின் அலுவலகத்துக்கும் போனது. பலனில்லை. 2004 பிப்ரவரி 17 அன்று விஷ ஊசியில் வில்லிங்ஹாமின் உயிர் போனது. அதே ஆண்டு அக்டோபரில், டெக்சஸிலேயே, ஏறக்குறைய இதே அடையாளங்களை நம்பி மரண தண்டனை பெற்றிருந்த இன்னொருவர் 17 ஆண்டுச் சிறைக்குப் பின் விடுதலையானார். அங்கே அரசு வழக்கறிஞரே ஹர்ஸ்ட்டிடம் கருத்துக் கேட்டிருந்தார். இரண்டு வழக்குக்கும் நடுவே இருந்த வித்தியாசம், கேட்க மனசுள்ள ஓர் அதிகாரி.

அடையாளம் பார்த்துச் சொல்பவர்களின் திறமை எவ்வளவு என்று 2005-இல் லாஸ் வேகஸில் ஒரு பயிற்சி முகாமில் சோதித்தார்கள். இரண்டு அறைகளைக் கொளுத்தி, ஃப்ளாஷ்ஓவருக்குப் பிறகு வெறும் இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தார்கள். தீ அறையின் எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்பதுதான் கேள்வி. 53 பேர் பார்த்தார்கள். முதல் அறையில் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். இரண்டாம் அறையிலும் 3 பேர்தான், அதுவும் வேறு மூன்று பேர். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டியிருந்தால்கூட 13 பேருக்குச் சரியாக வந்திருக்கும்.

டெக்சஸ் தடயவியல் ஆணையம் அமர்த்திய தீ அறிவியலாளர் கிரெய்க் பெய்லர் 2009 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். துணை மார்ஷலின் அணுகுமுறை அறிவியலுக்கு உரியதல்ல, குறிசொல்பவர்களுக்கு உரியது என்ற பொருளில் எழுதியிருந்தார். ஆணையம் அதை விசாரிக்க இருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஆளுநர் பெர்ரி உறுப்பினர்கள் மூவரை மாற்றினார். விசாரணை தள்ளிப்போனது. 2011-இல் ஆணையம் தீப்புலனாய்வு முறைகளைத் திருத்தப் பரிந்துரைகள் சொல்லி முடித்துக்கொண்டது; இந்தப் பழைய வழக்கின் சாட்சியங்களை எடைபோட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொல்லிவிட்டார்.

2013-இல் டெக்சஸ் ஒரு சட்டம் இயற்றியது. தண்டனைக்கு ஆதாரமாக இருந்த அறிவியல் பின்னாளில் பொய்த்துப்போனால், கைதி புதிய விசாரணை கேட்கலாம். உயிரோடு இருப்பவர்களுக்கு அது பயன்பட்டது. வில்லிங்ஹாமுக்கு இறந்தபின் மன்னிப்பு வழங்கும்படி அவருடைய உறவினர்கள் கொடுத்த மனுவை மன்னிப்பு வாரியம் 2014 ஏப்ரலில் நிராகரித்தது. அவர் மீதான தீர்ப்பு இதுவரை ரத்தாகவில்லை.

(தொடரும். அடுத்த இதழில்: 1986-இல் கனெக்டிகட் காவல்துறையில் சேர்ந்த மேட்டி என்ற கறுப்பு லாப்ரடாரும், நாயின் மூக்கை நம்பலாமா என்று வேதியியலாளர்கள் போட்ட சண்டையும்.)